அறுபத்தைந்தில் மண் பிசைந்த கதை

பதிவு நீளமாகத்தான் இருக்கும். அவசரமாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு மண் கிண்ணத்தின் படம் போட்டேன். "டீச்சர், எந்தக் கடையில் வாங்கினீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். சம்பந்தியம்மா ஒருபடி மேலே போய், "ஏன் ஒருபக்கம் சாய்ந்திருக்கு, ஏமாத்திட்டாங்களா?" என்று போனிலேயே கேட்டுவிட்டார். கடையில் வாங்கவில்லை. நான் செய்தது. சாய்ந்திருப்பதும் என் கைவேலைதான்.

வீட்டுக்காரர் போன பிறகு நான் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன் என்று மகளுக்குக் கவலை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு மட்பாண்டக் கூடத்தில் சனி, ஞாயிறு பயிற்சி நடக்கிறது என்று அவளே பணம் கட்டிச் சேர்த்துவிட்டாள். நான்கு வாரம், எட்டு வகுப்பு. என்னோடு சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். எல்லாம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், ஒரு புதுமணத் தம்பதி. நாற்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கை எனக்கு. மண்ணெல்லாம் ஒரு பொருட்டா என்றுதான் போனேன்.

முதல் நாள் முழுக்கப் பிசையத்தான் சொன்னார்கள். சப்பாத்தி மாவு போல இல்லை. உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் பிசைய வேண்டும். மண் ஒரே சீராக இல்லாவிட்டால் சக்கரத்தில் வைக்கும்போது எகிறும், சுவர் ஒரு பக்கம் தடிக்கும். இரண்டாம் நாள் சக்கரத்தில் உட்கார்ந்தேன். மின்சாரச் சக்கரம். மண்ணுருண்டையைச் சக்கரத்தின் நட்ட நடுவில் நிறுத்துவதுதான் முதல் பாடம். அது நடுவில் நின்றால், சுற்றும்போது சுற்றாதது போலத் தெரியும். நூல் இழை விலகினாலும் கையை முட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அது நான்காவது வகுப்பில்தான் வந்தது. அதுவரை பிள்ளையார் பிடிக்கக் குரங்காகக்கூட முடியவில்லை, வெறும் சேறுதான்.

நான் டீச்சர் இல்லையா, எதைத் தொட்டாலும் இது எங்கிருந்து வந்தது என்று தேடாமல் இருக்க முடியாது. தேடினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்படிப் பரம்பரைத் தொழிலாக இல்லாமல், ஆசைக்குப் போய் உட்கார்ந்து மண் பிசையும் பழக்கத்துக்கு ஒரு சுவையான தொடக்கம் உண்டு. 1911-ல் டோக்கியோவில் ஒரு விருந்து. வந்த விருந்தினர் கையில் ஆளுக்கொரு சுட்ட பாத்திரமும் தூரிகையும் கொடுத்து, விருப்பம்போல் வரையச் சொன்னார்கள். பிறகு அதற்கு மெருகுப்பூச்சு பூசி, அங்கேயே இருந்த சின்ன சூளையில் செக்கச் செவேலென்று சுட்டு, இடுக்கியால் வெளியே எடுத்தார்கள். விருந்து முடிவதற்குள் பாத்திரம் கையில். ஜப்பானில் 'ராகு' என்பார்கள் இந்த முறையை. அந்த விருந்தினரில் ஒருவர் பெர்னார்டு லீச், 24 வயது ஆங்கிலேயர், படம் வரைபவர். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவரை விடவே இல்லை. அங்கேயே ஒரு குருவைத் தேடிப் பிடித்துக் கற்றுக்கொண்டு, 1920-ல் ஹமாடா ஷோஜி என்ற ஜப்பானிய நண்பரோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊருக்குப் போய்ச் சூளை போட்டார். 1940-ல் அவர் எழுதிய 'எ பாட்டர்ஸ் புக்' என்ற நூல்தான் உலகம் முழுக்க இந்த ஆர்வலர்களுக்கு வேதம் போல ஆனது. இன்று வாரக் கடைசியில் பணம் கட்டிப் போகும் பயிற்சிக்கெல்லாம் அந்த விருந்து ஒரு பாட்டி முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம் பக்கத்துக்கு அது வந்த வழி வேறு. 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர்ப்பானையை 700, 800 டிகிரி வாக்கில் சுடுவோம். அது தண்ணீரைக் கசியவிடும். அதனால்தான் குடத்துத் தண்ணீர் குளிர்கிறது. இவர்கள் சுட்டது 1,200 டிகிரிக்கு மேல் போகும் கல்மண் வகை. அந்தச் சூட்டில் மண் பாதி கண்ணாடியாகிவிடும், ஒரு சொட்டுக் கசியாது. அவர்களிடம் படித்தவர்கள் பலர் புதுச்சேரியைச் சுற்றியும் ஆரோவில்லிலும் வெளியூர்களிலும் தனித்தனியாகக் கூடம் வைத்தார்கள். இன்று அந்தப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு மட்பாண்டக் கூடம் இருப்பது அப்படித்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். புதுச்சேரியில் மண்ணும் சக்கரமும் 1971-ல் வந்தவையா? பக்கத்திலேயே அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம். ரோமாபுரிச் சாடிகளின் உடைசல் கிடைத்தது என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் படித்திருப்பீர்கள். நானே உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். அதே குழிகளில் கிடைத்த இன்னொரு வகை ஓட்டைப் பற்றி நான் நடத்தியதில்லை. மெல்லிய தட்டு, உள்பக்கம் அடியில் வட்ட வட்டமாகப் பொடிப் பள்ளங்கள். சுற்றும் சக்கரத்தில் துள்ளும் கருவியை வைத்து இட்ட அலங்காரம். வீலர் இதையும் ரோமானியத் தொடர்பாகவே பார்த்தார். பிறகு 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி தோண்டிய விமலா பெக்லி, இது இந்தியாவிலேயே செய்த பாண்டம் என்று வாதிட்டார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் சக்கரத்தில் அவ்வளவு மெல்லிசாகத் தட்டு இழுத்த கை இருந்திருக்கிறது. நான் நான்கு வாரத்தில் இழுத்த கிண்ணத்தின் சுவர் அரை அங்குலம்!

சங்கப் பாட்டிலும் குயவர் வருகிறார். கணவனை வழியில் பறிகொடுத்த ஒருத்தி, பாத்திரம் செய்பவரைக் கூப்பிட்டு, அவருக்காகச் செய்யும் தாழியை எனக்கும் இடமிருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்பதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. முன்பெல்லாம் அதை அந்தப் பெண்ணின் துக்கமாக மட்டுமே சொல்லிக் கடந்துவிடுவேன். இப்போது அந்தக் குயவரைத்தான் நினைக்கிறேன். அந்த அகலத்தில் தாழி செய்வது எவ்வளவு பெரிய வேலை.

எங்கள் கூடத்தில் மண் பதப்படுத்தித் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். வேளார் வீட்டுப் பிள்ளை. பயிற்சி நடத்துகிறவர் வேறு. அவர் கல்லூரியில் படித்தவர். இவர் பின்பக்கம் மண் சலித்து, மிதித்து, உருண்டை பிடித்து எடைபோட்டுக் கொடுப்பார். நான் மூன்றாம் முறையும் மண்ணை நடுவில் நிறுத்த முடியாமல் முழித்தபோது அவர்தான் வந்து, "முழங்கையைத் தொடையில ஊனிக்குங்க டீச்சரம்மா, கை ஆடாது" என்றார். அதன் பிறகுதான் நின்றது.

ஊர்ப்பானை எப்படிச் செய்வார்கள் என்று அவரிடம் கேட்டேன். சக்கரத்தில் வாயும் கழுத்தும் மட்டும்தான் சரியாக வருமாம். அடியில்லாமல் தடிப்பாக அறுத்து எடுத்து, கொஞ்சம் உலரவிட்டு, உள்ளே ஒரு கல்லை அண்டக்கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்களாம். பானையின் அடி உருண்டையாக, சுவர் மெல்லிசாக இருப்பது அந்தத் தட்டலில்தான். "உங்கம்மா சக்கரத்துல உக்காருவாங்களா?" என்றேன். "பொம்பளைங்க சக்கரத்தைத் தொடக் கூடாதும்பாங்க. மண்ணு மிதிக்கிறது, தட்டுறது, தலையில சுமந்து விக்கிறது எல்லாம் அம்மாதான்" என்றார். பல ஊர்களில் இப்படி ஒரு கட்டு இருந்திருக்கிறது. பணம் கட்டி வந்த நான் முதல் வாரமே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் மகன் டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறானாம். "அவனுக்கு இந்த வேலை தெரியுமா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். மண்ணை உருட்டிக்கொண்டே சொன்னார். "நீங்க எல்லாம் காசு கட்டி வந்து உக்காருறீங்க. எங்கப்பா என்னை அடிச்சு உக்கார வெச்சாரு. அவனை நான் கிட்டயே விடல."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பா நினைவுக்கு வந்தார்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பாடம். கைவேலையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரில் பிறந்ததல்ல. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்பவர் முயற்சியால் 1866-லேயே கைவேலை பள்ளிப்பாடமானது. சுவீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் 1870களில் ஆசிரியர்களுக்கு இதற்கென்றே பயிற்சி நடத்தினார். பல நாட்டு ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் அங்கே வந்து தங்கி மரம் இழைத்துப் பழகினார்கள். தச்சர் ஆவதற்கு அல்ல; கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பிள்ளைகளைப் பழக்குவதற்கு.

காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டில் இன்னும் ஒருபடி போனார். படிப்போடு கைத்தொழில் என்பதல்ல, கைத்தொழில் வழியாகவே படிப்பு. தக்களியில் நூல் நூற்றால் அதிலேயே கணக்கு, பருத்தி விளையும் மண் என்றால் அதிலேயே புவியியல். திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் குழு போட்டார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரானாரே, அவர்தான். குழுவின் அமைப்பாளர் ஆரியநாயகம், யாழ்ப்பாணத் தமிழர். நம் ஜே.சி. குமரப்பாவும் அதில் உறுப்பினர். அவர்கள் போட்ட நேர அட்டவணையைப் பார்த்தால் இன்றைய பெற்றோர் மயங்கி விழுவார்கள். ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரப் பள்ளி. அதில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழில்.

இதற்குத்தான் ஆதாரக் கல்வி என்று பெயர். நான் 1977-ல் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது அதன் எலும்புக்கூடு மட்டும் மிச்சம். ஆளுக்கொரு தக்களி கொடுத்தார்கள். நூல் சிட்டத்துக்கு மதிப்பெண். விடுதியில் எங்களில் பாதிப் பேர் கதர்க்கடையில் நூல் வாங்கி வந்து, நாங்களே நூற்றதாகக் காட்டினோம். இத்தனை வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன். அதே 1977-ல் ஈசுவர்பாய் பட்டேல் குழு பெயரை மாற்றி 'சமூகப் பயன்தரும் ஆக்கப்பணி' என்றது. அதற்கு முன்னால் கோத்தாரிக் குழு 'பணி அனுபவம்' என்றிருந்தது. பெயர்கள் நீண்டுகொண்டே போயின. வகுப்பறையில் அந்த நேரத்தைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். என் வகுப்பிலும் அப்படித்தான், பிள்ளைகளே. நீங்களே சாட்சி.

இப்போது அப்பா கதை. 1953-ல் ராஜாஜி முதலமைச்சர். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஒரு வேளை மட்டும் பள்ளிக்கு வந்தால் போதும், மூன்று மணி நேரம். மற்ற வேளை வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். அப்பா அப்போது இளம் வாத்தியார். காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம் என்று அவர்தான் இரண்டு வேளையும் நடத்த வேண்டியிருந்தது. அலுப்பை அவர் பெரிதாகச் சொல்ல மாட்டார். ஒரு கேள்வியைத்தான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "வண்ணார் வீட்டுப் பையன் வெளுக்கப் போனான், குயவர் வீட்டுப் பையன் மண்ணு மிதிக்கப் போனான். கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் மத்தியானம் எங்கடா போனான்?"

நாடே அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் விழுந்தது. பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போனது. ராஜாஜியின் நோக்கம் என்ன, இடப் பற்றாக்குறைதானா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. வாதாடட்டும். காந்தி சொன்னது எல்லாப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே தக்களியைச் சுற்றுவது. இது அவரவர் வீட்டுக்கு அனுப்புவது. இரண்டும் கைத்தொழில்தான், ஆனால் ஒன்றல்ல. என் அப்பா தன் ஆதாரப் பயிற்சித் தக்களியைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். 1953 பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரல் ஏறும். அது முரண்பாடு என்று சின்ன வயதில் நினைத்தேன்.

அந்த அப்பாவுக்குப் பிறந்தவள் செய்த காரியத்தை இனிச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1988-89. எட்டாம் வகுப்பை அரிக்கமேட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். போனவர்களுக்கு நினைவிருக்கும். பழைய பாதிரியார் வீட்டின் இடிந்த சுவர், மரங்கள், ஆறு. வேறொன்றும் இல்லை. "இதுக்கா டீச்சர் இவ்வளவு தூரம்?" என்று நீங்கள் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. ஒரு பையன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். குயவர் தெருப் பிள்ளை. இரண்டு ஓட்டுத் துண்டைப் பொறுக்கி வந்து என்னிடம் காட்டினான். ஒன்றின் உள்பக்கத்தை விரலால் தடவி, "இது சக்கரத்துல இழுத்தது டீச்சர், கோடு தெரியுது பாருங்க. இது தட்டுனது, உள்ள கல்லு அமுக்கின பள்ளம் இருக்கு" என்றான். எனக்கு வேன் கிளம்பும் நேரம். "அதையெல்லாம் எடுக்கக் கூடாது, போட்டுட்டு வா" என்றேன். எடுக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் அதைத் தவிர அவனிடம் வேறெதுவும் நான் சொல்லவில்லை. தொல்லியல் படித்தவர் கையில் எடுத்து முதலில் பார்ப்பதை அந்தப் பதின்மூன்று வயதுப் பையன் பார்த்துச் சொன்னான். மறுநாள் அதைக் கரும்பலகையில் வரையச் சொல்லியிருந்தால் வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்திருக்கும்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு கணக்கு விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு 11 மதிப்பெண். தாளை நீட்டிக்கொண்டே, "உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு, போய்ப் பானை செய்" என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரிக்கப் பார்த்தான். பொங்கல் விடுமுறை முடிந்து அவன் வரவில்லை. பதிவேட்டில் கொஞ்ச நாள் 'வ.இ.' போட்டேன். பிறகு பெயரை நீக்கினோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேனா என்றால், இல்லை. ஐந்து வீடு போனேன் அந்த வருஷம், இடைநின்ற பிள்ளைகளைத் தேடி. அந்தத் தெருவுக்கு மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அவன் நின்றதற்கு நான்தான் காரணமா, வீட்டு நிலைமையா, எனக்குத் தெரியாது. அப்போது பிளாஸ்டிக் குடமும் எவர்சில்வரும் வீடு வீடாக வந்த காலம். பானை வாங்க ஆள் குறைந்த காலத்தில் அவனைப் பானை செய்யப் போ என்றிருக்கிறேன். அந்த வேலை ஏதோ ஒன்றும் தெரியாதவனுக்கு வருவது போல.

கடைசி வகுப்பில் எல்லோரும் செய்ததைச் சூளையில் வைத்தார்கள். நான் செய்தவை ஐந்து. இரண்டு உலரும்போதே அடியில் வெடித்தன. அடிமண்ணை நன்றாக அமுக்கவில்லையாம். ஒன்று சூளையில் போனது. நான்காவது பேரனிடம் இருக்கிறது, பென்சில் போட்டிருக்கிறான். ஐந்தாவதுதான் நீங்கள் பார்த்த சாய்ந்த கிண்ணம். மண் பதப்படுத்தும் தம்பி அதைத் தூக்கிப் பார்த்து, உள்ளே விரலால் தடவி, "கோடு நல்லா வந்திருக்கு" என்றார். அந்த விரல் போன விதம், எனக்கு அரிக்கமேடு அப்படியே கண்முன் வந்தது.

அடுத்த மாதம் இரண்டாம் நிலைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மகள் சிரிக்கிறாள். ஊர்ச் சூளை ஒன்றையும் நேரில் பார்க்க வேண்டும். தம்பி அழைத்துப் போகிறேன் என்றிருக்கிறார்.

1988-89 எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் பெயரை இங்கே எழுதாதீர்கள், கருத்துப் பெட்டியிலும் போடாதீர்கள். இப்போது எந்த ஊரில் இருக்கிறான், என்ன செய்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். என்னை அவன் பார்க்க விரும்புவானா என்று முதலில் அவனிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் ஒரு போன் போடுங்கள், நான் பஸ் ஏறி வருகிறேன்.